கல்லும் பாறையும் ஒன்றா?



"ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாதே, அதே பொருளுடைய வேறு சொல்லைப் போடு, நடை சிறக்கும்" என்னும் அறிவுரையைக் கேட்காமல் நம்மில் எவரும் பள்ளியைக் கடந்து வந்திருக்க முடியாது. ஆங்கிலக் கட்டுரைக்கு மதிப்பெண் வாங்க அது உதவியிருக்கலாம். கதையும் கவிதையும் எழுதும் நண்பர்களுக்கு இன்றும் உதவலாம். அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் அறிவியல் பயிலும் மாணவனுக்கு அதைப்போலக் கெடுதல் செய்யும் அறிவுரை வேறில்லை என்பது என் துணிபு. அதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரை.

ஆங்கிலத்தில் ஒரு பொருளுக்குப் பல சொற்கள் இருப்பதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. பல பொருள்களுக்குப் பல சொற்கள் இருக்கின்றன. நம் கையிலுள்ள சிறிய அகராதிதான் அவற்றையெல்லாம் ஒரே தமிழ்ச்சொல்லால் மூடிவிடுகிறது.

நம் ஊருக்கு அருகிலேயே இதற்குச் சான்று கிடக்கிறது. நெடுமங்காடும் விதுரையும் கடந்து பொன்முடிக்குப் போகும் வழியில், 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குமுன் வருகிறதே கல்லாறு, அதைச் சொல்கிறேன். வாமனபுரம் ஆற்றின் தலைப்பகுதி அது. காரியவட்டத்திலிருந்து விடுமுறை நாளில் பேருந்து ஏறிச் சென்று கால் நனைத்துவிட்டு வராத தமிழ் மாணவர் சிலரே இருப்பர். பெயரிலேயே கல்லைச் சுமந்துகொண்டிருக்கும் ஆறு. மேட்டுப்பாளையத்தை அடுத்து நீலகிரி மலை ரயில் செல்லும் வழியிலும் ஒரு கல்லாறு உண்டு. மலையிலிருந்து இறங்கிக் கல் உருட்டி வரும் ஆற்றுக்கு நம் முன்னோர் வேறு பெயர் தேடவில்லை போலும்.

அந்த ஆற்றில் இறங்கி நின்றுகொண்டு, எதிரே கிடப்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் என்ன எழுதுவீர்கள்? 'ஸ்டோன்' என்பார் ஒருவர். 'ராக்' என்பார் மற்றொருவர். 'பெபிள்' என்று சிலர், 'போல்டர்' என்று சிலர். "எல்லாம் கல்தானே!" என்பார் இன்னொருவர். ஆனால் நிலவியல் படிப்பவன் அப்படிச் சொல்லிவிட முடியாது. 1922-ஆம் ஆண்டில் செஸ்டர் வென்ட்வொர்த் என்னும் அமெரிக்க நிலவியலறிஞர் இந்தச் சொற்களுக்கெல்லாம் அளவுகோல் கட்டிவிட்டார். குறுக்களவு 256 மில்லிமீட்டருக்கு மேற்பட்டால் அது 'போல்டர்'. 64 முதல் 256 வரை 'கோபிள்'. 4 முதல் 64 வரை 'பெபிள்'. 2 முதல் 4 வரை 'கிரான்யூல்'. அதற்குக் கீழே 'சாண்ட்', அதாவது மணல். மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கு வரை அது இறங்குகிறது. பிறகு வண்டல், 256-இல் ஒரு பங்குக்கும் கீழே போனால் களி. எல்லைகள் யாவும் இரண்டின் அடுக்குகள் என்பதைக் கவனியுங்கள். உடென் என்பவர் அதற்கு முன்பே போட்டிருந்த திட்டத்தின் மேல் வென்ட்வொர்த் எழுப்பிய வீடு இது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இச்சொற்களில் எதுவும் வென்ட்வொர்த் படைத்ததன்று. ஆங்கிலேயக் குடியானவனும் கடற்கரைச் சிறுவனும் பேசிய சொற்களே. கல் பாவிய தெருவுக்கு இட்ட பெயரில் 'கோபிள்' இருந்தது. பேச்சில் அவற்றின் எல்லைகள் மங்கலாக இருந்தன. அறிவியல் வந்து வேலி போட்டது. வேலி போட்ட பிறகு, ஒன்றின் இடத்தில் மற்றொன்றை நட முடியாது.

ஏன் முடியாது? ஒரு கல்லை உருட்டிச் செல்ல ஆற்றுக்கு எவ்வளவு விசை வேண்டும் என்பது கல்லின் அளவைப் பொறுத்தது. ஆற்றுப் படுகையில் கிடக்கும் கற்களின் அளவை வைத்துத்தான், என்றோ ஓடிய வெள்ளம் எத்துணைப் பெரிது என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறோம். என் ஆய்வேட்டில் 'பெபிள்' என்று நான்கு முறை வந்துவிட்டதே, ஐந்தாம் முறை அழகுக்காகப் 'போல்டர்' என்று எழுதுவோம் என்று நினைத்தேனாகில், நான் மாற்றியது ஒரு சொல்லை மட்டுமன்று. அந்த ஆற்றில் வராத ஒரு பெருவெள்ளத்தை வரவழைத்துவிட்டேன்.

'ராக்', 'ஸ்டோன்' என்ற இரண்டையும் பாருங்கள். இங்கிலாந்தில் கையால் எடுத்து எறிவது 'ஸ்டோன்'. அமெரிக்காவில் 'ராக்'கையே எடுத்து எறிவார்கள். நிலவியலிலோ 'ராக்' என்பது அளவைக் குறிக்கும் சொல்லே அன்று, ஆக்கத்தைக் குறிப்பது. கட்டடக் கல், அணிகலன் கல் என்ற வணிக வழக்கில்தான் 'ஸ்டோன்' பெரிதும் வாழ்கிறது. வணிகம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கடையில் 'கறுப்பு கிரானைட்' என்று பளபளப்பாக விற்கிறார்களே, அதைக் கொண்டுபோய் ஆய்வுக்கூடத்தில் சீவிப் பார்த்தால் பெரும்பாலும் அது டோலரைட்டாகவோ காப்ரோவாகவோ இருக்கும். வணிகனுக்கு, கடினமாக இருந்து மெருகேறினால் எல்லாம் கிரானைட். அவன் பொய் சொல்லவில்லை. அவன் மொழி வேறு. ஆனால் அவன் மொழியில் நாம் தேர்வு எழுத முடியாது.

சரி, இதெல்லாம் கல் படிப்பவன் கவலை. நமக்கென்ன என்று வேதியியல் நண்பரும் கணிப்பொறி நண்பரும் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். இனிச் சொல்லப்போவது நம் யாவரையும் தொடுவது.

2018-ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு விதி வகுத்தது. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்திருக்கும் பகுதி 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் திருத்தி மீண்டும் தர வேண்டும். 40-ஐத் தாண்டினால் ஓராண்டு தடை. 60-ஐத் தாண்டினால் பதிவே நீங்கும். திருட்டைத் தடுக்க வந்த விதி. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் அந்த எண்ணைக் கண்டு அஞ்சிய மாணவர் செய்யும் வேலைதான் வருத்தம் தருகிறது. முழுப் பத்தியையும் ஒரு மென்பொருளில் போடுகிறார்கள். அது சொல்லுக்குச் சொல் 'அதே பொருளுடைய வேறு சொல்' போட்டுத் தருகிறது. விழுக்காடு இறங்கிவிடுகிறது. கூடவே பொருளும் இறங்கிவிடுகிறது.

இதன் விளைவை 2021-ஆம் ஆண்டில் கபானக், லாபே, மகசினோவ் என்னும் மூவர் உலகுக்குக் காட்டினார்கள். அச்சேறிய ஆய்வுக் கட்டுரைகளிலேயே இத்தகைய சித்திரவதைப்பட்ட தொடர்கள் ஏராளமாகக் கிடந்தன. செயற்கை நுண்ணறிவு என்பதன் ஆங்கிலப் பெயர், 'போலி உணர்வு' என்று பொருள்படும் தொடராக மாறியிருந்தது. மார்பகப் புற்றுநோய் 'மார்பு அபாயம்' ஆகியிருந்தது. தற்போக்கு மதிப்பு என்பதில் 'வேல்யூ' இருக்கிறதல்லவா? அதற்கு மதிப்பு என்றும் பொருள், மரியாதை என்றும் பொருள். ஆக, 'ஒழுங்கற்ற மரியாதை'! எல்லாவற்றிலும் சிறந்தது, சைகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தைக் கூறும் தொடர். அது 'கொடிக்கும் கூச்சலுக்கும் உள்ள விகிதம்' ஆயிற்று. மின்னணுவியல் கட்டுரையா, தேர்தல் கூட்டத்தைப் பற்றிய கட்டுரையா என்று படித்தவர் மயங்கியிருப்பார்.

சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அந்தக் கட்டுரைகளை எழுதியவர்கள் எவரும் வேற்றுலகத்தவர் அல்லர். ஆங்கிலம் பிறப்பு மொழியாக இல்லாத நாடுகளில், நம்மைப்போலவே கடைசி நாளுக்கு அஞ்சி இரவு விழித்திருந்தவர்கள் பலர் அவர்களில் இருந்திருப்பார்கள். நம் விடுதி அறைகளிலும் இந்த மென்பொருள் ஓடுகிறது என்பதை யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. அவர்களுக்கு ஒரு செய்தி. அதே 2018 விதியிலேயே, பொதுவாக வழங்கும் துறைச்சொற்கள், விதிகள், குறியீடுகள், சமன்பாடுகள் இவற்றை ஒப்புமைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. துறைச்சொல்லைத் துறைச்சொல்லாகவே வைத்தால் குற்றமில்லை. மாற்ற வேண்டியது வாக்கியத்தை. அதற்கு முதலில் பத்தியைப் புரிந்துகொள்ள வேண்டும். அங்கேதான் நமக்குச் சோம்பல்.

ஒத்த பொருட் சொற்களைத் தொகுத்த 'தெசாரஸ்' நூலை 1852-இல் வெளியிட்ட பீட்டர் மார்க் ரோஜே யார் தெரியுமா? புலவரல்லர்; மருத்துவர். ஸ்லைடு ரூல் என்னும் கணக்கிடு கருவியில் மடக்கையின் மடக்கைக்கு ஒரு கோடு சேர்த்தவர். ராயல் சொசைட்டியின் செயலாளராய் இருந்தவர். தம் 73-ஆம் வயதில் அந்நூலை அச்சிட்டார். சொற்களைக் கருத்துவாரியாக ஓரிடத்தில் கூட்டி வைத்தாரேயன்றி, 'இவை யாவும் ஒன்றே' என்று சான்று கொடுக்கவில்லை. தமக்கு வேண்டிய சொல் நுனி நாக்கில் நின்று வராதவனுக்கு நினைவூட்டுவதற்காகச் செய்த நூல் அது. தெரியாத சொல்லைத் தேடி எடுத்துப் பூசிக்கொள்வதற்கன்று. நம் திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் செய்ததும் அதே தொகுப்பு வேலைதான்; அதுவும் ரோஜேக்குப் பல நூற்றாண்டு முன்னர். நிகண்டு மனப்பாடம் செய்த பழைய மாணவன் கடலுக்கு இருபது பெயர் சொல்வான். ஆனால் எந்த இடத்தில் எதைப் போடுவது என்பதை நிகண்டில் கற்கவில்லை. நூல் பயின்று கற்றான்.

சொல் வேறுபாடு வெறும் ஏட்டுச் செய்தியன்று. உயிர் காக்கும் இடத்திலும் அது நிற்கிறது. இந்திய வானிலைத் துறை பயன்படுத்தும் சொற்களைப் பாருங்கள். 'ஹெவி', 'வெரி ஹெவி', 'எக்ஸ்ட்ரீம்லி ஹெவி'. கேட்பதற்குப் பதற்றம் ஏறிக்கொண்டே போவதுபோல் இருக்கிறதே தவிர, வேறென்ன வேறுபாடு என்று தோன்றும். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை பெய்தால் முதலாவது, 115.6 முதல் 204.4 வரை இரண்டாவது. அதற்கும் மேல் மூன்றாவது. தமிழில் கனமழை, மிக கனமழை, அதி கனமழை என்கிறார்கள். அவ்வாறே, வானிலை அறிக்கையில் 'ஓரிரு இடங்களில்', 'பல இடங்களில்', 'பெரும்பாலான இடங்களில்' என்று வரும்போது, மழுப்புகிறார்கள் என்று நாம் கேலி பேசுகிறோம். மழுப்பல் இல்லை. அப்பகுதியின் மழைமானி நிலையங்களில் காற்பங்கு வரையில் பெய்தால் 'ஓரிரு'. முக்காற்பங்குக்கு மேல் பெய்தால் 'பெரும்பாலான'. கணக்குப் போட்டுச் சொன்ன தமிழ் அது. அதைக் கேலி செய்யும் நம்மிடந்தான் கணக்கில்லை.

நிறங்களின் கதை இதற்கு நேர்மாறு. மஞ்சளுக்கு 'வாட்ச்' என்று பெயர்: கவனித்துக்கொண்டிரு. ஆரஞ்சுக்கு 'அலெர்ட்': ஆயத்தமாயிரு. சிவப்புக்கு 'வார்னிங்': செயற்படு. மூன்று சொல், மூன்று கட்டளை. நாமோ மஞ்சள் எச்சரிக்கை, ஆரஞ்சு எச்சரிக்கை, சிவப்பு எச்சரிக்கை என்று மூன்றையும் ஒரே சொல்லாக்கிவிட்டோம். ஆங்கில இதழ்களும் மூன்றையும் 'அலெர்ட்' என்றே எழுதுகின்றன என்பதால் நமக்கு மன்னிப்புக் கிடைத்துவிடாது. எந்நாளும் எச்சரிக்கை என்றே கேட்டவன், என்றைக்கு எழுந்து ஓட வேண்டும் என்று எப்படி அறிவான்?

கல்லாற்றிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும். மேலே பொன்முடிப் பக்கம் மழை கொட்டியிருக்கும். சிறிது நேரத்தில் ஆறு கலங்கிப் பெருகிவிடும். மழை பெய்து 6 மணி நேரத்துக்குள் வந்துவிடும் இத்தகைய வெள்ளத்துக்கு ஆங்கிலத்தில் 'ஃப்ளாஷ் ஃப்ளட்' என்று தனிப்பெயர். நாட்கணக்கில் மெல்ல ஏறி வயலை மூடும் 'ஃப்ளட்' வேறு; அதிலிருந்து தப்பும் வழியும் வேறு. மலையாளத்தார் முன்னதை 'மலவெள்ளப்பாச்சில்' என்கிறார்கள், அருமையான சொல். ஆனால் 'வெள்ளம்' என்பது அவர்களுக்குத் தண்ணீர், நமக்குப் பெருக்கு. "வெள்ளம் வேணோ?" என்று உணவுக்கடைச் சேட்டன் முதல் நாள் கேட்டபோது திகைத்து நின்ற புது மாணவர் கதை, ஆண்டுதோறும் நம் மன்றத்தில் சொல்லப்படுவதுதான். 'தோடு' என்பது அவர்களுக்கு ஓடை, நமக்குக் காதணி. 'அருவி' என்றால் நமக்குக் குற்றாலம், அவர்களுக்குச் சிற்றோடை. சிரிக்கத் தக்கவையே. ஆயினும் அதே ஆற்றில் வட்டக்கயம் என்று ஓரிடம் இருக்கிறது. கயம் என்றால் ஆழமான நீர்நிலை. பழந்தமிழ்ச் சொல்தான், இங்கே இன்னும் வழக்கில் உயிரோடு இருக்கிறது. அவ்விடத்தில் மூழ்கி இறந்தவர் பலர். பெயரிலேயே ஆழம் எழுதியிருக்கிறது. 'குளம்', 'மடு', 'கயம்' எல்லாம் ஒன்றுதானே என்று நினைப்பவனுக்கு அது தெரியாது.

இனி, என்னோடு மாறுபடும் நண்பர்களுக்கு வருகிறேன். "பார்த்தாயா, இத்தனை நுட்பம் ஆங்கிலத்தில்தான் உண்டு, தமிழில் எல்லாம் கல், எல்லாம் வெள்ளம். அறிவியலுக்குத் தமிழ் ஆகாது" என்பர் அவர்கள். இதை நான் ஒப்பவில்லை. ஆங்கிலத்துக்கு இந்த நுட்பம் பிறவியிலேயே வந்ததன்று. வெப்பமும் வெப்பநிலையும் வெவ்வேறு என்பது ஆங்கிலம் பேசியவர்க்கே நெடுங்காலம் தெளிவாக இல்லை; 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காத்லாந்தில் ஜோசப் பிளாக் பனிக்கட்டியை உருக்கிப் பார்த்து, வெப்பம் ஏறியும் வெப்பநிலை ஏறாததைக் காட்டிய பிறகுதான் இரண்டும் பிரிந்தன. 'பிராபபிலிட்டி', 'லைக்லிஹுட்' இரண்டையும் ஆங்கிலேயன் ஒன்றாகவே பேசினான். 1920-களின் தொடக்கத்தில் புள்ளியியலறிஞர் ஃபிஷர் அவற்றைப் பிரித்து வைத்தார். சொற்களைப் பிரித்தது ஆய்வுக்கூடம், இலக்கணம் அன்று.

தமிழிலோ பிரிப்பதற்குச் சொற்கள் ஆயத்தமாய்க் கிடக்கின்றன. பரல், கூழாங்கல், சரளை, பாறாங்கல், துறுகல், பாறை. பரலும் துறுகல்லும் சங்க நூல்களில் நடமாடியவை. இன்றைய கொத்தனாரைக் கேளுங்கள்: முக்கால் இஞ்சு ஜல்லி வேறு, ஒன்றரை இஞ்சு ஜல்லி வேறு, தளத்துக்கு எது, அடித்தளத்துக்கு எது என்று அவருக்குத் தெரியும். வென்ட்வொர்த்தைக் கேள்விப்படாமலே அவர் அளவுகோல் வைத்திருக்கிறார். பட்டம் பெற்ற நாம்தான் எல்லாவற்றையும் 'கல்' என்கிறோம். குறை மொழியிடம் இல்லை.

ஆனால் தமிழ்ப் பற்றுடைய நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வேலி போட்டால் போதாது. எல்லாரும் ஒரே இடத்தில் போட வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூலில் 'நிறை' என்பது பொருளின் திணிப்பளவு. புவி இழுக்கும் விசை 'எடை'. இலங்கைப் பாடநூலில் முன்னது 'திணிவு', பின்னதுதான் 'நிறை'! தமிழ்நாட்டில் 'வேகம்' என்றால் திசையில்லாதது. திசையோடு சேர்ந்தால் 'திசைவேகம்'. இலங்கையில் திசையில்லாதது 'கதி'. 'வேகம்' என்றாலே திசையுடையது. யாழ்ப்பாணத்து மாணவரும் திருநெல்வேலி மாணவரும் ஒரே தமிழில் ஒரே கணக்கைப் போட்டு, வேறு வேறு விடையைக் கூற இடமிருக்கிறது. 'கிரீக்' என்ற சொல் இங்கிலாந்தில் கடற்கழியையும் அமெரிக்காவில் ஓடையையும் குறிப்பதுபோல என்று ஆறுதல் கூறலாம். ஆனால் அங்கே 'மாஸ்' என்ற சொல் இரு கரையிலும் ஒன்றுதான். எனக்குக் கேட்டால், 'திணிவு' நல்ல சொல். அதை ஏற்றுக்கொண்டு 'நிறை'யைப் பாடநூலிலிருந்து விடுவித்துவிடலாம் என்பேன். என் ஊர் ஆசிரியர்கள் சினந்தாலும் சரி.

ஆகவே நம் மன்றத்தாரிடம் ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு விழாவுக்கு வழக்கமான கவியரங்கம் நடக்கட்டும், பட்டிமன்றமும் நடக்கட்டும். அவற்றோடு, நூலக மேசையில் ஒரு பெரிய குறிப்பேட்டைக் கட்டி வையுங்கள். ஒவ்வொரு துறை மாணவரும் தம் துறையில் 'ஒன்றுபோலத் தோன்றி ஒன்றல்லாத' ஆங்கிலச் சொற்களை இரண்டிரண்டாக எழுதட்டும். வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டோடு தமிழில் விளக்கட்டும். வெறும் மொழிபெயர்ப்பு வேண்டாம். எடுத்துக்காட்டு கட்டாயம் வேண்டும். 'அக்யூரசி', 'பிரிசிஷன்' இரண்டையும் நானே எழுதித் தொடங்கிவைக்கிறேன். முனையில் ஒரு சென்டிமீட்டர் தேய்ந்துபோன அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கல்லாற்றுக் கல் ஒன்றைப் பத்து முறை அளங்கள். பத்து முறையும் ஒரே விடை வரும், பத்தும் பிழையாயிருக்கும். பின்னது உண்டு, முன்னது இல்லை. வேதியியல் நண்பர் எதையும், தாவரவியல் நண்பர் எதையும் எழுதலாம். புள்ளியியல் நண்பர் 'சிக்னிஃபிகன்ட்' என்பதற்கும் 'இம்பார்ட்டன்ட்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எழுத மறந்துவிட வேண்டாம். அதைத் தெரிந்துகொள்ளக் காத்திருப்பவர் நம் விடுதியிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். குறிப்பேட்டின் தாளுக்கும் கட்டுக்கும் ஆகும் செலவில் பாதியை நான் தருகிறேன். மீதியை மன்றப் பொருளாளர் அடுத்த கூட்டத்தில் எடுத்து வைப்பாராக.